தேயிலைச் சாற்றில் கறுத்த இரும்பு

என் பட்டறையிலுள்ள பெஞ்ச் கிரைண்டரின் ஒரு பக்கத்தில் சாணைக்கல்லும் மறுபக்கத்தில் கம்பிச் சக்கரமும் பூட்டியிருக்கும். எவ்வளவு துருவேறிய இரும்பாக இருந்தாலும் கம்பிச் சக்கரத்தில் காட்டினால் சில நொடிகளில் வெளுத்துவிடும். ஏழு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாலையில், உள்ளங்கை அகலமுள்ள வட்ட இரும்புத் தகடு ஒன்றின் விளிம்பை அதில் காட்டினேன். எட்டு நொடி இருக்கும், பத்தைத் தாண்டியிராது. விளிம்பில் ஒன்றரை அங்குல நீளத்துக்கு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதை ஒட்டி, அழுக்கு உதிர்ந்த இடத்தில், மூன்று நகங்களோடு ஒரு கால் தெரிந்தது. பல்லியின் கால் அல்ல, பறவையின் காலும் அல்ல. சக்கரத்தை நிறுத்திவிட்டு அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான், நான் துரு என்று நினைத்துத் தேய்த்தது துருவே அல்ல என்ற சந்தேகம் எழுந்தது.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் கைமாறிய ஒரு பழைய தோட்டத்துரை பங்களாவின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, கதவுக் கீல்களும் சாவிகளும் பித்தளைக் கைப்பிடிகளும் நிறைந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்திருந்தேன். கீல்கள் மட்டுமே எனக்கு வேண்டியவை. பெட்டியின் அடியில் கிடந்த இந்தத் தகட்டை ஏதோ பூட்டின் சாவித்துளை மூடி என்று எண்ணினேன். இரண்டு நாள் கழித்து, நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் உள்ள அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் படங்களைப் புரட்டிய பிறகுதான், ஜப்பானிய வாள் ஒன்றின் கைக்காப்பை நான் காயப்படுத்தியிருக்கிறேன் என்பது உறுதியாயிற்று. ஜப்பானியர் அதை ட்சுபா என்கிறார்கள். அதன் பிறகு ஏழு ஆண்டுகளாக ட்சுபாக்களைப் பற்றி வாசித்துக்கொண்டும் படங்களை உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். அந்த எட்டு நொடியில் எதை அழித்தேன் என்று தெரிந்துகொள்ளவே பெரும்பாலும்.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளின் சி.டி.சி. ரோலர்களுக்குப் பல் தீட்டிக் கொடுப்பது எங்கள் பட்டறையின் வேலை. நிமிடத்துக்கு 70 சுற்றுச் சுழலும் ரோலரும் 700 சுற்றுச் சுழலும் ரோலரும் ஒன்றையொன்று உரசாமல் உரசும் இடைவெளியில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. அங்குலத்துக்கு 8 பல் அல்லது 10 பல் என்று வெட்டிய வரிசையில் ஒரு பல் பிசகினாலும் தூளின் தரம் இறங்கிவிடும். உலோகத்தில் ஒரே மாதிரியான சிறு வெட்டுகளை ஆயிரக்கணக்கில் போடுவது எவ்வளவு கடினம் என்பதை முப்பது ஆண்டுகளாக அறிந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். கலை வரலாறு படித்தவன் அல்லன்.

ட்சுபா, வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே நிற்பது. குத்தும் வேகத்தில் கை வழுக்கி அலகின்மேல் போய்விடாமல் தடுப்பதும், வாளின் எடையைப் பிடியை ஒட்டி நிறுத்துவதும் அதன் வேலைகள். நீண்ட வாளுக்குரியது பெரும்பாலும் ஏழரை முதல் எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். குறுவாளுக்குரியது அதைவிடச் சிறியது. வட்டம், நான்கு இதழ்போல் நெளிந்த வடிவம், மூலை மழுங்கிய சதுரம் எனப் பல வடிவங்கள் உண்டு. என்னிடமுள்ளது வட்டம், வெர்னியரில் அளந்தால் 76 மில்லிமீட்டர், தடிமன் நாலரை மில்லிமீட்டர்.

இந்தச் சிறிய தகட்டில் அலங்காரம் செய்பவனுக்கு முழு இடமும் சொந்தமில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நடுவில் அலகின் வால்பகுதி நுழைவதற்கு ஆப்பு வடிவில் ஒரு துளை வேண்டும். தகட்டை நிறுத்திப் பார்க்கும்போது அதன் கூர்முனை மேல்நோக்கி இருக்கும். வாளின் வெட்டுவாய் இருக்கும் திசை அது. பல ட்சுபாக்களில் அதற்கு இடப்புறம் அரைநிலா வடிவில் இன்னொரு துளை இருக்கும். உறையின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறு கத்தியின் பிடி அதன் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலப்புறத் துளை இதழ் இதழாக நெளிந்திருக்கும். தலைமுடி ஒதுக்கப் பயன்பட்ட ஊசி போன்ற கருவிக்கானது அது. நடுத்துளையைச் சுற்றி நீள்வட்டமாக ஓர் இடத்தையும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் அதன்மேல் இருபுறமும் செம்பு வாஷர்கள் உட்கார்ந்து இறுக்கும். பெயர் பொறிக்கும் வழக்கமுள்ள கம்மியர்கள் தம் பெயரை அந்த நீள்வட்டத்தில்தான் பொறித்தார்கள். வாளைக் கோத்துவிட்டால் பெயர் மறைந்துவிடும். ஆக, படத்துக்கு மிஞ்சுவது துளைகளுக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள வளையம் மட்டுமே.

நம் வீட்டு வாசலில் புள்ளியை முதலில் வைத்துவிட்டுக் கோட்டைப் பிறகு இழுப்பதைப் போன்றது இது. புள்ளி இடைஞ்சல் அல்ல; கோலம் வளைவதே அதைச் சுற்றித்தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் கனேஇயே என்ற கம்மியரின் இரும்பு ட்சுபாக்களைப் பாருங்கள். மலை, நீர், படகு, ஒற்றை மனிதன் என மை தீட்டிய ஓவியம்போலக் காட்சியைச் செதுக்கியவர் அவர். ஒரு மூலையில் சிறிது செதுக்கி மற்றதையெல்லாம் இரும்பாகவே விட்டிருப்பார். அந்த வெற்று இரும்பு நீராகவும் வானாகவும் மாறிவிடும். துளைகள் உறுத்துவதே இல்லை.

பின்னாளில், 1603 முதல் 1868 வரையான எடோ காலத்தின் கடைசிப் பகுதியில், இதற்கு நேர்மாறான ரசனையும் வளர்ந்தது. போர்க்களக் காட்சி, அதில் ஐந்தாறு வீரர்கள், ஒவ்வொரு கவசத்திலும் பொன்னும் வெள்ளியும் செம்பும் எனத் தகடு முழுவதும் நிரம்பி வழியும் வேலைகள் வந்தன. திறமை மலைக்க வைக்கிறது. ஆனால் மூன்றாவது நிமிடத்தில் என் கண் களைத்துவிடுகிறது. துளைகள் அந்தக் கூட்டத்தின் நடுவே மேடை ஏறிவிட்ட வெளியாட்களைப்போல நிற்கின்றன. ஏலச் சந்தையில் அவற்றுக்கு நல்ல விலை கிடைப்பதை அறிவேன். என் மனம் மாறவில்லை.

என் தகட்டுக்கு வருகிறேன். அது நான்பான் வகையைச் சேர்ந்தது. நான்பான் என்றால் தெற்கத்திய காட்டுமிராண்டி. கடல்வழியே தெற்கிலிருந்து வந்து இறங்கிய போர்த்துக்கீசியருக்கு ஜப்பானியர் வைத்த பெயர். அவர்கள் முதன்முதலில் தனேகஷிமா தீவில் ஒதுங்கியது 1543இல்; வெளியேற்றப்பட்டது 1639இல். அதன் பிறகு நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரரும் சீனரும் மட்டும் வணிகம் செய்தார்கள். அந்தக் கப்பல்களில் வந்த அயல்நாட்டுப் பொருள்களின் கொடிப்பின்னலும் சீன டிராகனும் கலந்து பிறந்த பாணியே நான்பான் ட்சுபா. என் தகட்டின் இருபுறமும் இரண்டு டிராகன்கள் உச்சியிலுள்ள முத்துப் போன்ற ஒரு மணியை நோக்கி ஏறுகின்றன. உடல் முழுவதும் கொடிகளுக்குள் மறைந்து மறைந்து வெளிப்படுகிறது. கைவேலையாகப் பார்த்தால் அந்தக் கொடிகள்தான் அதிசயம். ஒரு கொடி இன்னொன்றின் மேலே ஏறி, அடுத்ததின் கீழே நுழைந்து, மறுபடி மேலே வருகிறது. கம்பிகளைப் பின்னி ஒட்டியதுபோலத் தோன்றும். ஆனால் ஒட்டு எங்கும் இல்லை. நாலரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே தகட்டில் துளையிட்டு, உளியால் வெட்டி, மெல்லிய அரத்தால் ஊடுருவி, கொடிக்கு அடியில் உள்ள இரும்பையும் பக்கவாட்டிலிருந்து குடைந்து எடுத்திருக்கிறான் அதைச் செய்த கம்மியன். எங்கள் பட்டறையில் நல்ல கையுள்ள பையனிடம் படத்தைக் காட்டி எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “நாள் கணக்கு சொல்ல முடியாதுங்க சார். ஒரு எடத்துல அரம் சறுக்குனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்” என்றான்.

நான்பான் என்ற சொல்லைத் தொடர்ந்து படித்தபோது கிடைத்த ஒரு செய்தியையும் இங்கே வைக்கிறேன். அதே கடல்வழியில் ஜப்பானுக்குப் போன கோடிட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு அங்கே ‘சன்தோமே’ என்று பெயர். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான் அது.

டிராகனின் செதில்களை உருப்பெருக்கியில் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கீறப்பட்டிருப்பது தெரியும். சில பள்ளங்களில் பொன்னின் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானியர் இதைத் துணியின் நெசவு என்று பொருள்படும் நுனோமே என்ற சொல்லால் குறிக்கிறார்கள். இரும்பின் மேற்பரப்பை உளியால் பல திசைகளில் நெருக்கமாகக் கீறும்போது ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும்பும். அதன்மேல் மெல்லிய பொன்தகட்டை வைத்துத் தட்டினால் பிசிறுகள் பொன்னைக் கவ்விக்கொள்ளும். பசையும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். வட இந்திய வாள்களின் பிடிகளில் காணும் கோஃப்ட்கரி வேலையும் இதே தத்துவந்தான். பொன்னை ஆழமாகப் பதிக்க வேண்டுமென்றால் முறை வேறு: அடிப்பகுதி அகன்றும் வாய் குறுகியும் இருக்குமாறு பள்ளம் வெட்டி, அதில் பொன் கம்பியை வைத்து அடித்து இறுக்கி, தகட்டோடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள், அல்லது சமப்படுத்தாமல் மேலெழ விட்டு, அதிலேயே உருவத்தைச் செதுக்குவார்கள். ஆழப் பதித்தது நிலைக்கும். நுனோமே கை பட்டுப்பட்டுத் தேயும். என் டிராகன்களின் பொன் போனதற்கு நான் காரணமில்லை என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

இதுவரை சொன்னது இரும்பு. செம்பின் கலவைகளில் செய்தவை தனி உலகம், அந்த உலகின் மூத்த குடும்பம் கோத்தோ. 1440 முதல் 1512 வரை வாழ்ந்த கோத்தோ யூஜோ, படைத்தலைவராக ஜப்பானை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமசாவுக்கு வேலை செய்தவர். அவர் வழியில் 17 தலைமுறைகள் வாளின் அணிகளையே செய்தன. கோத்தோ வேலையின் அடையாளம் நனாகோ. மீன் சினை என்பது அதன் பொருள் என்று விளக்குகிறார்கள். குழிந்த முனையுள்ள பொட்டுளியை வைத்துச் சுத்தியால் ஓர் அடி கொடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குமிழ் ஒன்று எழும். அதை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி அதற்கடுத்தது என்று, பின்னணி முழுவதும் வரிசை பிசகாமல் குமிழ்கள். இதை மட்டுமே செய்யும் தனிக் கம்மியர்கள் இருந்திருக்கிறார்கள். நல்ல நனாகோவின் படத்தை நான் திரையில் முடிந்த மட்டும் பெரிதாக்கி, வரிசை கோணியிருக்கும் இடத்தைத் தேடியிருக்கிறேன். தொழில்புத்தி. எங்கள் ரோலரில் பல்லை எண்ணி நகர்த்த இன்டெக்சிங் ஹெட் இருக்கிறது. அந்த மனிதனுக்குத் தன் இடக்கைக் கட்டைவிரல் நகத்தைத் தவிர வேறென்ன இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே மூடிவிடுவேன்.

குமிழ்களைவிடவும் என்னைப் பிடித்து வைத்தது அவற்றின் நிறம். மயிர்க்கற்றையில் எண்ணெய் மினுங்குவதுபோல நீலம் ஓடும் கறுப்பு. அது சாயமும் அல்ல, அரக்கும் அல்ல. செம்பில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் பொன்னைக் கலந்து செய்யும் ஷகுதோ என்ற கலவையின் மேனி அது. ஷகுதோ என்றால் சிவந்த செம்பு என்று பொருள். கறுப்பான ஒன்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று குழம்பியிருந்தேன். உருக்கி வார்த்ததும் அது வெறும் செம்புபோலத்தான் இருக்கிறது. கறுப்பு பின்னால் வருவது. அதற்கு இன்னொரு பெயர் காக்கைப் பொன். நம்மூரில் காக்காய்ப்பொன் என்றால் மைக்கா, பெயரளவில்தான் பொன். அங்கே உள்ளே மெய்யாகவே பொன் இருக்கிறது, வெளியேதான் காக்கை.

செம்பு மூன்று பங்கும் வெள்ளி ஒரு பங்கும் சேர்ந்தால் ஷிபுஇச்சி. நாலில் ஒன்று என்பது நேர்ப்பொருள். நம் பத்தர்களாயிருந்தால் கால்வெள்ளி என்றிருப்பார்கள். சாம்பல் நிறம் கொள்ளும் இதற்கு மூடுபனி வெள்ளி என்ற அழகான பெயரும் உண்டு. ஆடி மாதம் குன்னூரின் லேம்ப்ஸ் ராக் மலைமுனைப் பக்கம் போய் நின்றால் அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை இராது.

படித்ததை நம்பாமல் செய்து பார்த்தோம். குன்னூர் கடைவீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவர் எனக்குத் தம்பி மாதிரி. செம்பு ஒரு துண்டு, செம்பில் வெள்ளி கலந்த துண்டு ஒன்று, 10 கிராம் செம்புக்கு 400 மில்லி தங்கம் சேர்த்த துண்டு ஒன்று என மூசையில் உருக்கித் தகடாக அடித்துக் கொடுத்தார். தங்கம் என் மனைவியின் உடைந்த தோட்டுத் திருகாணியிலிருந்து வந்தது; அனுமதி பிறகு வாங்கினேன். மூன்றையும் கரித்தூளால் கீறலின்றி மெருகேற்றி வைத்தோம். ஜப்பானிய முறைப்படி தாமிரக் களிம்பையும் மயில்துத்தத்தையும் நீரில் கரைத்துச் செம்புப் பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும். மயில்துத்தத்துக்கு நீலகிரியில் பஞ்சமில்லை. உருளைக்கிழங்குக்கு அடிக்கும் போர்டோ கலவைக்காக உரக்கடைகளில் விற்கிறார்கள். களிம்பை வினிகரில் செம்பை ஊறவைத்து நாங்களே எடுத்தோம். கொதிநீரில் போடுவதற்குச் சற்று முன், தகட்டை முள்ளங்கித் துருவலின் சாற்றில் முக்க வேண்டும். நிறம் திட்டுத்திட்டாகாமல் ஒரே சீராக ஏறுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நான் ஊட்டி முள்ளங்கி ஒன்றைத் துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பத்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணே, நாம நகை வேலை பாக்குறமா, சாம்பார் வைக்கிறமா?” என்றார்.

வெறும் செம்பு முதலில் மாறியது. சுட்ட செங்கல்லின் நிறத்தில் நின்றுவிட்டது. கால்வெள்ளித் துண்டு மெல்ல மங்கி, பழுப்பைத் தாண்டிச் சாம்பலாயிற்று. பொன் கலந்த துண்டு கால் மணிநேரம் எங்களை ஏமாற்றிவிட்டு, பிறகு ஊதா வாங்கி, கடைசியில் நாவற்பழத் தோலின் நிறத்துக்கு வந்தது. அருங்காட்சியகப் படங்களின் நீலக்கறுப்பு அதில் இல்லை. மெருகு போதவில்லையோ, கலவை ஒன்றுபோலக் கலக்கவில்லையோ. இருந்தாலும் மூன்று துண்டுகளும் ஒரே பாத்திரத்தில், ஒரே நீரில் வெந்தவை. மூன்றும் மூன்று நிறம். பத்தர் அதன் பிறகு சிரிக்கவில்லை. துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்து, விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஜப்பானியக் கம்மியனின் வழி எனக்குப் புரிந்தது. அவன் நிறத்தை மேலே பூசுவதில்லை. எந்த நிறம் எங்கே வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து, அந்த நிறமாக மாறக்கூடிய உலோகத்தை அந்த இடத்தில் பதிக்கிறான். பதிக்கும்போது செம்பும் ஷகுதோவும் ஏறத்தாழ ஒரே சிவப்பு. காகம் எது, அது அமர்ந்திருக்கும் பாறை எது என்று பிரித்தறிய அப்போது வடிவம் மட்டுமே உதவும். எல்லாம் முடிந்து கொதிநீரில் இறக்கிய பிறகே காகம் கறுக்கிறது. அதன் கண்ணில் பதித்த பொன்னை அந்த நீர் தொடுவதில்லை. அந்த மேனி மிக மெல்லிய ஆக்சைடு படலம். ஷகுதோவின் படலத்துக்குள் கண்ணுக்கெட்டாத பொன் துகள்கள் சிதறிக் கிடந்து ஒளியை விழுங்குகின்றன. பித்தளைப் பாலீஷை ஒருமுறை போட்டுத் துடைத்தால் போதும், அவ்வளவும் துணியோடு வந்துவிடும். நம் வீடுகளில் தை பிறப்பதற்குமுன் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரத்தை மின்ன வைப்பது நல்ல வழக்கம். அந்தக் கண்ணோடு ட்சுபாவை அணுகியதுதான் என் பிழை.

இரும்பின் மேனி இன்னும் பொறுமையான வேலை, அங்கேதான் எங்கள் மலைக்கும் இதற்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு வருகிறது. கியூஷு தீவிலுள்ள ஹிகோ நாட்டை, இன்றைய குமமோட்டோவை, 1632 முதல் ஆண்டவர்கள் ஹோசோகவா குலத்தார். அக்குலத்தின் ததாஓகி, தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யுவின் நேர்ச் சீடர். ததாஓகியின் ரசனையின் நிழலில் வளர்ந்த கம்மியர்களில், 1613 முதல் 1699 வரை வாழ்ந்த ஹயாஷி மதாஷிச்சி தலையாயவர். துப்பாக்கிக் குழலில் பொன் பதிக்கும் வேலையிலிருந்து ட்சுபாவுக்கு வந்தவர். ஹிகோ ட்சுபாக்களில் ஆரவாரம் கிடையாது. செர்ரிப் பூ ஒன்றின் வெட்டுத்தோற்றம், கொக்கின் விரிந்த சிறகு, அதில் கோடாகக் கொஞ்சம் பொன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இரும்பின் கறுப்பு. அந்தப் பதிப்பு வேலை ஹிகோ ஸோகன் என்ற பெயரில் குமமோட்டோவில் இன்றும் நடக்கிறது. பொன் பதித்து முடித்த இரும்பைத் துருப்பிடிக்கும் கரைசல் தடவி வேண்டுமென்றே சீராகத் துருவேற்றுகிறார்கள். துரு போதுமான அளவு ஏறியதும் தேயிலை போட்ட நீரில் வேகவைக்கிறார்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் துருவோடு சேர்ந்து கறுத்துப் படிகிறது. மேற்கொண்டு துரு பரவுவதும் நின்றுவிடுகிறது.

நீலகிரியில் தேயிலையும் இரும்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்புச் சட்டியில் டீ போட்டால் மைபோல் கறுக்கும். ஈர இலை சாதாரண இரும்பில் ஒட்டிக் கிடந்தால் மறுநாள் அங்கே கறுப்புக் கறை இருக்கும். தொழிற்சாலையில் இலை படும் இடத்தில் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுகிறோம். என் பிழைப்பே அந்தச் சந்திப்பைத் தடுக்கும் உலோகத்தில்தான் நடக்கிறது. நாங்கள் கறை என்று ஒதுக்கியதை அந்த ஊர்க் கம்மியர் மேனி என்று வளர்த்திருக்கிறார்கள்.

இந்தத் தொழில் அப்படியே நீடித்திருக்கக்கூடும். ஆனால் 1876 மார்ச்சில், ஷோகன் ஆட்சி போய்ப் பேரரசரின் பெயரில் வந்த மெய்ஜி அரசு, பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடை செய்தது; ராணுவம், காவல்துறை போன்றவற்றுக்கே விலக்கு. கம்மியர்களுக்கு ஒரே நாளில் வாடிக்கையாளர் இல்லாமல் போனார்கள். திறமையானவர்கள் ஜாடிகளும் பெட்டிகளும் செய்து ஐரோப்பாவுக்கு விற்றார்கள். அவர்களில் பெரியவரான கனோ நட்சுஓ, புதிய ஜப்பானிய நாணயங்களின் வடிவத்தைச் செதுக்கினார். பின்னர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரும் ஆனார். வாள்களிலிருந்து கழற்றப்பட்ட ட்சுபாக்கள் துறைமுகங்கள் வழியே பெட்டி பெட்டியாக வெளியேறின. பாஸ்டனிலும் லண்டனிலும் பெருந்தொகுப்புகள் சேர்ந்தது இப்படித்தான். அந்த அலையில் ஏதோ ஒரு துளி, யார் கையிலோ, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையேறி ஒரு பங்களாவின் சாமான் பெட்டியில் ஒதுங்கியிருக்கிறது. கூடவே, வெளிநாட்டவர் வாங்குவதற்கென்றே யோகோஹாமாவில் அவசரமாகச் செய்யப்பட்டவையும் வந்தன. இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல அச்சில் வார்த்தவை. விளிம்பிலும் துளைகளின் உட்சுவரிலும் வார்ப்பின் கோட்டையும் மணல்போன்ற புள்ளிகளையும் தேடினால் அகப்பட்டுவிடும். உளியும் அரமும் போன இடம் அப்படி இராது.

என் தகட்டின் நடுத்துளையில், மேலும் கீழும், சிறு செம்புத் துண்டுகளை வைத்து அடைத்திருக்கிறார்கள். வேறொரு வாளின் வாலுக்குத் துளை பெரிதாக இருந்திருக்க வேண்டும். தளர்வை நீக்க மென்மையான செம்பு. ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் அது இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெயர் பொறிக்கப்படவில்லை. சந்தையில் பெரிய விலை பெறும் பொருளும் அல்ல. நான்பான் வகை நிறையவே கிடைக்கிறது.

குன்னூரில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் செருப்பு பூஞ்சை பிடிக்கும்; இரும்பு சும்மா இருக்குமா? பழைய மேனி கறுப்பும் பழுப்புமாக அசையாமல் இருக்க, புதுத்துரு செம்மஞ்சளாகப் பொடிப்பொடியாக வரும். அதைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ தொடக்கூடாது. இரும்பைவிட மென்மையான, துருவைவிடக் கடினமான ஒன்றால் தேய்க்க வேண்டும். யானைத் தந்தம் அல்லது மான்கொம்பு சிறந்தது என்று அங்கே எழுதுகிறார்கள். நீலகிரியில் அதைச் செய்தால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை ஜீப் வாசலுக்கு வரும். நான் கறிக்கடையில் ஆட்டுக்கால் எலும்பு வாங்கி, வேகவைத்து, காயவைத்து, முனையைச் சரிவாகச் சீவி வைத்திருக்கிறேன். மாலை நேரத்தில் பத்து நிமிடம் தேய்த்து, பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவிடுவேன். எலும்பு முனையில் செம்மஞ்சள் ஒட்டிக்கொண்டு வரும், கறுப்பு வராது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண் அறிவதற்கு முன் விரல் அறிந்துகொள்கிறது.

வெளுத்துப்போன ஒன்றரை அங்குலத்துக்குத் தேயிலை மருத்துவம் செய்யலாமா என்ற ஆசை இருக்கவே செய்தது. முதலில் ஒரு துண்டு இரும்பில் பார்த்தேன். உப்புநீர் தடவி மாடியில் வைத்து, தினமும் உதிர்துருவைத் துடைத்துவிட்டு மறுபடி தடவி, பன்னிரண்டு நாள் துருவேற்றினேன். பிறகு ஒரு பிடி டஸ்ட் தேயிலை போட்டு அரைமணி வேகவைத்தேன். வெளியே எடுத்தபோது நல்ல கறுப்பு. விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் ஆழமும் வந்தது. அந்தத் துண்டு பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

ட்சுபாவை நான் அந்தப் பாத்திரத்தில் இறக்கவில்லை. செதில்களில் மிஞ்சியிருக்கும் பொன் பொட்டுகளின் பிடி கொதிநீரில் என்னாகும் என்ற அச்சம் ஒன்று. இடதுகை கெடுத்ததை வலதுகை அவசரமாகத் திருத்த வேண்டாம் என்பது மற்றொன்று. எலும்பால் தேய்க்கும் நாள்களில் கட்டைவிரல் தானாக அந்த இடத்தில்தான் போய் உட்காருகிறது. ஏழு ஆண்டில் வெள்ளை போய்ச் சாம்பலாகி, சென்ற கார்த்திகையிலிருந்து ஒரு பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. பக்கத்திலுள்ள கறுப்போடு அது இன்னும் சேரவில்லை; ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எல்லைக்கோடு தெரிகிறது.